லிகெட்டியின் ‘ஹாம்பர்க் கான்செர்ட்டோ’: ஹார்ன்கள் சுருதி விலகி ஒலிப்பது ஏன்?

மாலைக்கச்சேரி:
மொசார்ட்டின் ஹார்ன் (சுருண்ட பித்தளைக் குழல்) கான்செர்ட்டோக்களை, அதாவது தனிக் கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளைக் கேட்டுப் பழகிய நான், சென்ற வாரம் இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘ஹாம்பர்க் கான்செர்ட்டோ’வை முதன்முறையாகக் கேட்டேன். தனி ஹார்னுக்குப் பின்னால் ஒலிக்கும் நான்கு ஹார்ன்களும் ஆளுக்கொரு சுருதியில் ஊதுவதுபோல் இருந்தது. ஹெட்போனில்தான் கோளாறு என்று எண்ணி வேறொன்றை மாட்டியும் பார்த்தேன், பயனில்லை. இது வாசிப்பவர்களின் பிழையா, வேண்டுமென்றே எழுதப்பட்டதா?

பித்தளைக்குழல்:
வேண்டுமென்றே எழுதப்பட்டதுதான். அந்த நான்கும் வால்வு (குழாயின் நீளத்தை மாற்றும் விசை) இல்லாத பழைய வகை ஹார்ன்கள். அவற்றில் குழாயின் நீளம் எந்த அடிச்சுரத்தைத் தருகிறதோ, அதன் மேற்சுரங்கள் மட்டுமே இயல்பாக எழும். அடிச்சுரத்தைப்போல் 7 மடங்கு அதிர்வெண் உள்ள மேற்சுரம், பியானோவில் அதற்கு நெருங்கிய சுரத்தைவிட ஏறக்குறைய 31 செண்ட் (ஓர் அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கே ஒரு செண்ட்) தாழ்ந்திருக்கும். 11 மடங்கு உள்ளதோ, நம் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் கிட்டத்தட்ட நடுவே விழும். பழைய காலத்து வித்வான்கள் வலக்கையை ஹார்னின் வாய்க்குள் நுழைத்துக் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் இவற்றைச் சரிசெய்துகொண்டார்கள். மறைக்க வேண்டிய குறையாக அவர்கள் கருதியதையே லிகெட்டி தம் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். நான்கு ஹார்ன்களுக்கும் வெவ்வேறு அடிச்சுரங்களைக் கொடுத்து, அவற்றின் மேற்சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால், எந்தப் பியானோவிலும் வாசிக்க முடியாத கூட்டொலிகள் பிறக்கின்றன. தனி ஹார்ன் கலைஞரும் வால்வு உள்ள கருவியையும் இல்லாத கருவியையும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்.

செவிவழி:
‘சுருதி விலகல்’ என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை. தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால் தானாக எழும் அந்தர காந்தாரமும் பியானோவோடு பொருந்தாது. அதற்காகத் தம்பூராவை யாரும் குறை சொல்வதில்லை. இங்கே காதைத் தடுமாற வைப்பது தனித்தனிச் சுரங்கள் அல்ல, நான்கு அடிச்சுரங்களின் மோதல்.

இப்படைப்பின் ஊர்ப்பெயருக்கும் காரணம் உண்டு. லிகெட்டி 1973 முதல் 1989 வரை ஹாம்பர்க்கில் இசையமைப்பு கற்பித்தவர். இதன் முதல் அரங்கேற்றமும் 2001இல் அங்கேதான் நடந்தது. 1865இல் வால்வு இல்லாத ஹார்னை மனத்தில் வைத்தே தம் ட்ரையோவை (மூன்று கருவிகளுக்கான படைப்பு) எழுதிய இசையமைப்பாளர் பிராம்ஸ் பிறந்த ஊரும் அதுவே. பிராம்ஸுக்கு வணக்கமாக லிகெட்டி 1982இலேயே ஒரு ஹார்ன் ட்ரையோ எழுதியிருந்தார். நீங்கள் முதலில் அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

ஏழு பகுதிகளும் சேர்ந்தே சுமார் 15 நிமிடம்தான். ஐந்தாவதான ‘ஸ்பெக்ட்ரா’வை மட்டும் தனியே இருமுறை கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில், பின்னாளில் சேர்க்கப்பட்ட கடைசிப் பகுதியான ‘ஹிம்னஸ்’தான் எல்லாவற்றிலும் அழகு.

மாலைக்கச்சேரி:
இருவருக்கும் நன்றி. ‘ஸ்பெக்ட்ரா’வை மூன்று முறை கேட்டாயிற்று. முதல் முறை கலங்கலாகக் கேட்ட கூட்டொலி, மூன்றாம் முறை ஒரே பெரிய மணியின் அதிர்வுபோல் கேட்டது. ‘ஹிம்னஸ்’ இன்னும் பிடிபடவில்லை. பழைய ஹெட்போனையே எடுத்து மாட்டியிருக்கிறேன்.