டயோராமாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘குறுங்களம்’ என்று முன்மொழிகிறேன்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். மடல் நீண்டுவிட்டது, பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மீண்டும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தில் வைப்பதற்கு ஒரு டயோராமா, அதாவது தரையும் ஆட்களும் பொருள்களும் சேர்ந்த ஒரு சிறிய உருவக் காட்சி, செய்துகொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து சென்டிமீட்டர் சதுரப் பலகை. அதன்மேல் அறுவடை முடிந்த ஒரு வயல், வயலில் ஒரு எம்.ஐ.-4 ஹெலிகாப்டர், அதிலிருந்து இறங்கி ஓடும் ஒன்பது வீரர்கள். பலகையின் முன்புறம் ஒட்டும் அட்டையில் நான்கைந்து வரிகளுக்குத்தான் இடம். அதில் ‘டயோராமா’ என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல் எதையும் சொல்லாது. ‘மாதிரி’ என்று எழுதினால் அது ஹெலிகாப்டரை மட்டும் குறிக்கும். மண்ணும் ஆட்களும் வெளியே நின்றுவிடுவார்கள். அப்படியானால் டயோராமாவுக்குத் தமிழில் என்ன சொல் என்பதே கேள்வி.

எந்தச் சம்பவம் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். 1971 டிசம்பர் 9. இன்றைய வங்கதேசத்தில், ஆசுகஞ்சுக்கும் பைரப் பஜாருக்கும் இடையில் மேக்னா ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. ஆறு கடல்போல் அகலம். இந்தியத் தரைப்படையின் நான்காம் கோர் என்ற பெரும்பிரிவின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், பாலம் போனால் போகட்டும் என்று விமானப் படையின் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் வீரர்களை ஏற்றி, பிராமன்பாரியா பக்கத்திலிருந்து அக்கரையில் இருக்கும் ராய்ப்புராவில் இறக்கினார். இரவெல்லாம் போக்குவரத்து நடந்தது. அடுத்து நர்சிங்டியிலும் இறக்கினார்கள். டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைவு. வங்கதேசத்துப் போர் பற்றிப் பேசும்போது நம் பிள்ளைகளுக்குச் சரணடைவுப் புகைப்படம் தெரிகிறது. அந்த ஆற்றைக் கடந்த இரவு தெரிவதில்லை. அதனால்தான் இதை எடுத்தேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

முதலில் வந்த ‘ஊடுகாட்சி’. கிரேக்க வேரை அப்படியே பெயர்த்தது இது: ‘ஊடாக’ என்பதும் ‘காட்சி’ என்பதும் சேர்ந்ததுதான் அங்கேயும் சொல். வேர் சரி, பொருள் சரியில்லை. 1822-ல் பாரிஸில் டாகேர், பூட்டோன் என்ற ஓவியர்கள் இந்தப் பெயரில் திறந்தது ஓர் அரங்கு. ஒளி ஊடுருவும் பெரிய துணியில் தீட்டிய ஓவியம். முன்னாலும் பின்னாலும் விளக்கை மாற்றிமாற்றிப் பாய்ச்ச, பகல் இரவாக மாறும். அங்கே ‘ஊடாகப் பார்ப்பது’ உண்மையிலேயே நடந்தது. 1839-ல் அந்த அரங்கு தீக்கிரையானது. பெயர் மட்டும் பிழைத்து, வேறு பொருளுக்குக் குடிபெயர்ந்தது. 1890-ல் அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி பாடம் செய்த விலங்குகளை அவை வாழும் நீர்க்கரையோடு சேர்த்து அமைத்தபோது, துணியும் இல்லை, ஊடுருவும் ஒளியும் இல்லை. ஐரோப்பிய மொழிகளே கைவிட்டுவிட்ட ஒரு பொருளை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

‘காட்சிப்பேழை’ என்று எழுதிய ஐயாவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இந்தக் குழுமத்தில் நான் கற்றவற்றில் பாதி அவரிடம் கற்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அருங்காட்சியகக் காட்சிகளுக்கு அவர் சொல் நன்றாகவே பொருந்தும். ஆனால் என் பலகைக்குப் பெட்டி இல்லை. நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. பிள்ளைகள் சுற்றிவந்து குனிந்து பார்ப்பார்கள். பேழை என்றதும் மூடிவைக்கும் பொருள் நினைவுக்கு வருகிறது. நகைக்கடையிலும் காட்சிப்பேழை இருக்கிறது. ‘முப்பரிமாணக் காட்சி’யைத் திரையரங்குகள் எடுத்துக்கொண்டுவிட்டன, அதை மீட்க முடியாது.

‘கொலு’ என்று சொன்ன அம்மாவின் மடல் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அவர் சொன்னது உண்மை: தமிழர் வீடுகளில் டயோராமா என்றைக்கும் இருந்திருக்கிறது. படிகளுக்கு முன்னால் தரையில் ‘பார்க்’ அமைப்போம். ஆற்று மணல் பரப்பி, கேழ்வரகையும் கடுகையும் தெளித்துப் பயிர் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக வைப்போம். நானும் அதில்தான் கை பழகினேன். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்லாக்க அத்தை சொல்லிக்கொடுத்ததை இந்த வயலுக்கும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் கொலு வேறு. கொலுவில் செட்டியார் பொம்மை யானையைவிடப் பெரிதாக இருக்கலாம். யாரும் குறை சொல்வதில்லை. கொலுவிருத்தல் என்றால் வீற்றிருத்தல். இங்கே எல்லாம் ஒரே அளவையில் இருக்க வேண்டும், ஒரே நொடியில் இருக்க வேண்டும்.

அளவையைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடப் பாடத்தில் படித்த ‘அளவை’ என்ற சொல்லே போதும், புதிதாக வேண்டாம். 72-இல் 1 என்பது ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கும் அளவை. எம்.ஐ.-4-ன் சுழல் இறக்கை வட்டத்தின் விட்டம் 21 மீட்டர். என் பலகையில் 29 சென்டிமீட்டர். ஐந்தடி ஏழங்குல வீரன் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அவன் தலை மூன்று மில்லிமீட்டர்.

என் மேசையில் நடந்ததைச் சொன்னால் நான் எங்கிருந்து சொல்லைத் தேடினேன் என்பது புரியும். 1971 காலத்து இந்திய வீரர் பொம்மைகள் அந்த அளவையில் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் வீரர்களை வாங்கி, ஹெல்மெட்டைச் சீவித் திருத்தி, எஸ்.எல்.ஆர். என்ற, தானே குண்டேற்றும் துப்பாக்கியைப் பதினாறு மில்லிமீட்டர் நீளத்தில் பிளாஸ்டிக் கம்பியில் செதுக்கி ஒட்டினேன். இந்தப் பொம்மைகளை நிற்கவைக்கக் காலடியில் ஒரு சிறிய தட்டு வார்த்திருப்பார்கள். முதல் வீரனைத் தட்டோடு அப்படியே வயலில் ஒட்டினேன். வண்ணம் நன்றாக வந்திருந்தது, நிற்கும் விதமும் நன்றாக இருந்தது. ஆனாலும் அவன் அங்கே இல்லை. கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பூட்ஸுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வெளிச்சம். அரை மில்லிமீட்டரை எழுபத்திரண்டால் பெருக்குங்கள்: தரைக்கு மேல் மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறான்.

தட்டை அறுத்தேன். காலில் மெல்லிய கம்பி ஏற்றி, சலித்த வண்டல் மண்ணும் ஃபெவிகாலும் குழைத்த தரை காய்வதற்குள் பூட்ஸ் பதியும்படி அழுத்தினேன். அந்த நொடியில் அவன் வயலுக்குள் வந்துவிட்டான். சக்கரங்களுக்கும் அதேதான். டயரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, ஈரத்தில் பதித்ததும் ஹெலிகாப்டருக்கு எடை வந்தது. அதுவரை அது மேலே வைத்த பொருள்.

இறக்கைகள்தான் பெரிய கேள்வி. நின்றுபோன ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் எடையிலேயே தொங்கும். சுழலும்போது நுனி மேலெழும். என் காட்சியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரவில் இறக்கிவிட்டு உடனே திரும்ப வேண்டும், யாரும் இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கவில்லை. வெந்நீரில் முக்கி நான்கு இறக்கைகளையும் லேசாக மேலே வளைத்தேன். இருந்தும் அவை அசையாமல்தானே நிற்கும்? அசைவை வேறு எதுவாவது சொல்ல வேண்டும். அதனால் இரண்டு மில்லிமீட்டர் உயர நெல்தாள்களை, ஒரு பழைய பிரஷ்ஷின் முடியை வெட்டி நட்டு, ஹெலிகாப்டரிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்தேன். வீரர்களைக் கூன வைத்தேன். ஒருவன் ஹெல்மெட்டைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறான். இப்போது பார்க்கிற யாரும் இறக்கை நிற்கிறது என்று சொல்வதில்லை. இறக்கை சுழல்வதைத் தரை சொல்லிவிடுகிறது.

அதனால்தான் ‘காட்சி’யை விட்டுவிட்டுக் ‘களம்’ என்ற சொல்லைத் தேடிப் போனேன். தனித்தனிப் பொருள்களை ஒன்றாக்குவது அவை மிதிக்கும் தரை. அந்தத் தரையைச் சொல்லாத பெயர் எதுவும் இந்தப் பொருளின் பெயர் ஆகாது என்பது என் முடிவு. ‘குறுங்காடு’ என்ற சொல் நம் கண் முன்னே செய்தித்தாள் வழக்குக்கு வந்துவிட்டது. அதே அமைப்பில் குறுங்களம். போர்க்காட்சியாக இருந்தாலும் சந்தைக் காட்சியாக இருந்தாலும் பொருந்துகிறது. குறுங்களம் அமைத்தான், குறுங்களக் கலை, குறுங்களக் கண்காட்சி என்றெல்லாம் தடங்கலின்றி வளர்கிறது.

இதற்கு வந்த எதிர்ப்புகளில் இரண்டு மிக வலுவானவை.

ஒருவர் எழுதினார்: “குறுங்காடு என்பது சிறிய காடு. காட்டின் சிறிய உருவம் அன்று. அப்படியானால் குறுங்களமும் சிறிய களம் என்றுதான் பொருள்படும்.” இலக்கணப்படி அவர் சொல்வது சரி. நான் இதற்குச் ‘சிற்றில்’ என்ற சொல்லைச் சாட்சியாக அழைக்கிறேன். பிரித்தால் சிறிய வீடு, அவ்வளவுதான். ஆனால் சிற்றில் என்றதும் சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீடுதான் தமிழ் படித்தவர் மனத்தில் எழுகிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே இருக்கிறது. ‘சிறிய’ என்ற அடை, வழக்கில் ‘விளையாட்டுக்குச் செய்த உருவம்’ என்ற பொருளை ஏற்றது. சிற்றிலால் முடிந்தது குறுங்களத்தாலும் முடியும்.

இரண்டாவது மடல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தங்களுக்குக் களம் என்றால் செத்தவர்களின் நினைவுதான் வருகிறது என்றும், வானில் அந்த இறக்கைச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய வயதில் தான் இருந்ததாகவும், பிள்ளைகள் பார்க்கிற ஒரு பலகைக்கு இந்தப் பெயர் வேண்டுமா என்றும் அந்த அன்பர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத எனக்குத் தயக்கம் இருந்தது. அவர் காதில் அந்தச் சொல் எப்படி விழுகிறது என்பதை நான் இங்கிருந்து மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. நான் வைக்கக்கூடியது ஒன்றுதான். தொல்காப்பியம் ஏரோர் களவழி என்றும் தேரோர் களவழி என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நெல் அடிக்கும் களம், ஆட்கள் விழும் களம் இரண்டுக்கும் ஒரே பெயர். எங்கள் ஊரில் இன்றும் களம் என்றால் நெல் காயும் இடம். ஹெலிகாப்டர் வந்திறங்கும் என் வயலில் அறுத்த தாள் நிற்கிறது; அது யாரோ ஒரு வங்காள உழவர் பாடுபட்ட நிலம் என்பதை மறைக்கக் கூடாது என்றே அந்தத் தாள்களை நட்டேன். அவருடைய மடலுக்குப் பிறகு வயலின் ஓரத்தில் ஒரு வைக்கோல் போரையும் சேர்த்திருக்கிறேன்.

ஹெலிகாப்டரை ‘உலங்கு வானூர்தி’ என்று எழுதும்படியும் அவர் கேட்டிருந்தார். உலங்கு என்றால் கொசு என்கின்றன அகராதிகள். இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு எந்த வண்டிக்கும் அமையவில்லை என்று நினைக்கிறேன். அட்டை தமிழ்நாட்டுப் பள்ளிக்கு என்பதால் ஹெலிகாப்டர் என்ற சொல் இருக்கட்டும், அடுத்த வரியில் உலங்கு வானூர்தியும் வரும்.

மற்றவை சுருக்கமாக. வீரர்களைப் ‘பொம்மை’ என்பது மரியாதைக் குறைவு என்று ஒருவர் வருந்தினார். பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் தெய்வத்தை வடிக்கிறவர்களும் பொம்மை என்றுதான் சொல்கிறார்கள், குறைவு இல்லை. ‘பாவை’ அழகான சொல், ஆனால் இன்றைய காதுக்குப் பெண்ணைக் குறிக்கிறது. புது பிளாஸ்டிக்கின் மேல் துருவும் புகையும் சேறும் ஏற்றி நாள்பட்டதாகக் காட்டுவதற்கு (ஆங்கிலத்தில் ‘வெதரிங்’) ‘வானிலையாக்கம்’ என்று வந்த மொழிபெயர்ப்பை ஏற்க முடியவில்லை. ‘பழசாக்குதல்’ என்று வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள், அதுவே இருக்கட்டும். சூப்பர் குளூவின் ஆவி படிந்து விமானியறைக் கண்ணாடி வெளிறிப்போவதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: பூத்துப்போதல். என்னுடையது ஒன்று பூத்துப்போய், அந்தச் சன்னலைத் திறந்துவைத்ததாக மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடிக்கு ஃபெவிகால்தான் சரி.

அட்டைக்கு எழுதியிருப்பது இது:

“மேக்னா ஆற்றைக் கடந்த இரவு, 1971 டிசம்பர் 9. குறுங்களம். அளவை 72-இல் 1. எம்.ஐ.-4 ஹெலிகாப்டரிலிருந்து (உலங்கு வானூர்தி) இந்திய வீரர்கள் ராய்ப்புரா அருகே ஒரு நெல் வயலில் இறங்குகிறார்கள். நெல்தாள்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.”

கடைசி வரிக்குப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் விடை ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று ஆசை: சுழலும் இறக்கை கீழ்நோக்கித் தள்ளும் அந்தக் காற்று. ‘கீழ்வளி’ புத்தகச் சொல்லாக நிற்கிறது. ‘இறக்கைக்காற்று’ எந்தத் திசையில் வீசுகிறது என்று சொல்லவில்லை. கரையோரத்தில் இருப்பவர்களிடம் காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம் என்று எத்தனையோ பெயர்கள் உண்டு. மேலிருந்து நேராகக் கீழே அறையும் காற்றுக்கு உங்கள் ஊரில் யாராவது ஒரு பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள். அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.