ப்ரொடெக்டட் குரூசருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

நெய்தல்:
அன்பர்களே, கப்பல் கட்டுமான மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று தமிழில் வருகிறது. வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு பயிற்சி: 1909ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு கற்பனைக் குரூசரை, அதாவது கடலில் நெடுந்தொலைவு சுற்றும் வேகமான போர்க்கப்பலை, வடிவமைக்க வேண்டும். எடை 5,200 டன், வேகம் 25 நாட், 6 அங்குலப் பீரங்கி எட்டு, எரிபொருள் நிலக்கரி. கணக்கில் சிக்கல் இல்லை. ப்ரொடெக்டட் குரூசர், ஆர்மர்டு குரூசர் இரண்டும் ஒரே பத்தியில் வருவதுதான் சிக்கல். முதலாவதைப் 'பாதுகாக்கப்பட்ட கப்பல்' என்றால் தொல்லியல் துறை வேலி போட்ட மண்டபம் போலத் தோன்றுகிறது. இரண்டாவது 'கவசக் கப்பல்'. ஆனால் முதலாவதற்கும் கவசம் உண்டே?

சொல்லேர்:
முதலில் குரூசரைத் தீர்ப்போம். அது டச்சுக்காரரின் 'க்ரூய்சன்', அதாவது கடலில் குறுக்கும் நெடுக்குமாகத் திரிதல். நம் 'குறுக்கு' அப்படியே நிற்கிறது பாருங்கள். குறு, குறுகு, குறுக்கு, குறுக்கை. எனவே 'குறுக்கோடி'. கவசம் வடசொல். பதிற்றுப்பத்து சேரனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறது; மெய்ம்மறை என்றால் கவசம்தான். மெய்ம்மறைக் குறுக்கோடி என்று சொல்லிப் பாருங்கள், என்ன மிடுக்கு!

பொறியன்:
ஐயா, அந்த டச்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் சிலுவை. அடுத்த மடலில் சிலுவைக்கும் தமிழ் வேர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். குறுக்கோடி என்றால் சாலையைக் குறுக்கே கடப்பவன் என்றுதான் மாணவன் நினைப்பான்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். ப்ரொடெக்டட் வகையில் கவசம் கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் ஒரு தளம். நடுப்பகுதி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டையாக இருக்கும். இரு ஓரமும் சரிந்து இறங்கி, நீர்மட்டத்துக்குக் கீழே சில அடி ஆழத்தில் பக்கத் தகட்டைத் தொடும். எந்திரம், கொதிகலன், வெடிமருந்து அறை எல்லாம் அதன் அடியில். சரிவுக்கு மேலே நிலக்கரி அறைகள். எறிகுண்டு மெல்லிய பக்கத் தகட்டைத் துளைத்துக் கரிக்குள் வெடிக்கும். சிதறல்களைச் சரிவு தடுக்கும். கரி தீரத் தீரக் காப்பும் தீரும். நீர்மட்டத்தில் ஓட்டை விழுந்தால் தளத்துக்கு மேலே தண்ணீர் பரவி நிலைப்பு குறையும். அதனால்தான் அந்தக் கரி அறைகளைச் சிறு சிறு அறைகளாகத் தடுக்கிறார்கள்.

ஆர்மர்டு வகையில் இந்தத் தளத்தோடு பக்கத்திலும் நீர்மட்டத்தையொட்டித் தடித்த கவசம் ஓடும். பிரிட்டனின் கிரெஸ்ஸி வகைக் குரூசர்களுக்கு அது 6 அங்குலம். ஆகவே வேறுபாடு கவசம் எங்கே என்பதில். 'தளக்கவசம்', 'பக்கக்கவசம்' போதும்.

வல்வை:
பொறியன் அண்ணை சொல்வது சரி, ஆனால் வெறும் 'தளம்' என்றால் பெடியள் மேல்தட்டை நினைப்பினம். 'உட்தளம்' என்று எழுதுங்கோ. மற்றது, கையேட்டில் முன்பகுதி, பின்பகுதி, அடிமரம் என்று கிடக்குது. கரையில் அணியம், அமரம், ஏரா என்று வாயிலேயே இருக்கிற சொற்களை ஏன் விட்டீர்கள்? குரூசருக்கு 'உலாக்கலம்' எப்படி?

நெய்தல்:
அணியம், அமரம், ஏரா மூன்றையும் எடுத்துக்கொண்டேன், நன்றி. உலாக்கலத்தில் தயக்கம். உலாவி என்றால் இன்று இணையம் பார்க்கும் செயலி. பக்கக் கவசத்துக்கு ஓவியர் 'கவசப் பட்டி' என்று எழுதியிருக்கிறார்.

சொல்லேர்:
பட்டி என்றால் ஆட்டுப்பட்டி, உசிலம்பட்டி. இடையைச் சுற்றுவது மேகலை. உலாவைச் செயலிக்காரர்களுக்குத் தாரை வார்த்தது யார்? மன்னன் வீதியில் வர ஏழு பருவ மகளிரும் மயங்கிய இலக்கியம் அது.

பொறியன்:
4,800 டன் பிரிஸ்டல் குரூசரைப் பார்த்து யாரும் மயங்கமாட்டார்கள். 'கவசப் பட்டை' என்று போடுங்கள்.

எடைக் கணக்கில்தான் மாணவர் தடுமாறுவார்கள். 1 அங்குலத் தடிப்புள்ள எஃகுத் தகடு சதுர அடிக்குச் சுமார் 40 பவுண்டு. உட்தளம் சரிவோடு 14,000 சதுர அடி என்று கொண்டால், ஓர் அங்குலத்துக்கு 250 டன். முழுவதும் 2 அங்குலம் என்றால் 500 டன், கப்பலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பதில் 300 அடி நீளம், 10 அடி உயரத்தில் இரு பக்கமும் 2 அங்குலப் பட்டை வைத்தால் 214 டன்தான். பிரிட்டனின் சாட்டம் (Chatham) வகைக் குரூசர்களில் இதைத்தான் செய்தார்கள்: 1 அங்குலப் பக்கத் தகட்டின்மேல் 2 அங்குலம் ஏற்றி, உட்தளத்தை மெலிதாக்கினார்கள். ஆனால் எடை மேலே ஏறுகிறது. அகலத்தைக் கூட்டாவிட்டால் கப்பல் தள்ளாடும்.

இன்னொன்று. 25 நாட்டை 27 ஆக்கலாம் என்று ஒருவனாவது கேட்பான். திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும்: 22,000 குதிரைத்திறன் 27,700 ஆகும். 1,050 டன் எந்திரத்தோடு இன்னும் 270 டன் சேரும். அதை எங்கே வெட்டுவது? கரியிலா, பீரங்கியிலா? இங்கே டன் 2,240 பவுண்டு. அட்டவணையில் 'மணிக்கு 25 நாட்' என்றிருக்கிறது. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல்தான், திருத்துங்கள்.

வல்வை:
தளக்கவசம், பக்கக்கவசம் விளங்க ஜெர்மன் குரூசர் எம்டன் நல்ல எடுத்துக்காட்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பலுக்குப் பக்கக் கவசம் இல்லை, உட்தளம் மட்டுந்தான். நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் அதை முடித்த ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி, சாட்டம் வகை. பட்டையும் உண்டு, 6 அங்குலப் பீரங்கி எட்டும் உண்டு. எம்டனிடம் 10.5 செ.மீ. பீரங்கி பத்து.

சொல்லேர்:
எமகாதகனுக்கு 'எம்டன்' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. குரூசருக்கு 'எம்டன்' என்றே வைத்துவிடலாம் போலிருக்கிறது! அந்தச் செப்டம்பர் 22 காலையில்தான் வட கடலில் பிரிட்டிஷ் குரூசர்கள் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி மூன்றும் ஒரே ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கின. மூன்றும் பக்கக்கவசம்.

பொறியன்:
ஆமாம். டார்பிடோ பட்டைக்குக் கீழே அடிக்கும். நெடுக்கே தடுப்புச்சுவர் இருப்பதால் ஒரு பக்கக் கரி அறைகளில் மட்டும் நீர் நிரம்பினால் கப்பல் சாய்ந்து கவிழும். கையேட்டில் நெடுக்குத் தடுப்புச்சுவர் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

நெய்தல்:
இருக்கிறது. நாள் நெருங்குகிறது. உட்தளக்கவசக் குரூசர், பக்கக்கவசக் குரூசர், கவசப் பட்டை என்று முடிக்கிறேன். நான்கு பேர் தனிமடலிலும் சரி என்றார்கள்.

வல்வை:
முடியுங்கோ, ஆனால் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பக்கக்கவசக் குரூசருக்கும் உட்தளம் உண்டு. சாட்டம் வகையை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? பட்டை இருக்குது, ஆனால் கிரெஸ்ஸி இனத்தில் ஒருவரும் சேர்க்கமாட்டினம்.

பொறியன்:
பயிற்சி 1909இல் நடக்கிறது, சாட்டம் அதற்குப் பிந்தியது. தப்பித்தோம். அதே காரணத்தால் இன்வின்சிபிள் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் 'போர்க் குரூசர்' (பேட்டில்குரூசர்) என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் 1911இல்தான் நிலைபெற்றது. 1909இல் 12 அங்குலப் பீரங்கியோடு அதுவும் ஆர்மர்டு பட்டியலில்தான் இருந்தது.

சொல்லேர்:
அச்சில் குரூசர் என்றே போகட்டும், தடுக்கவில்லை. சொல்லடைவில் அடைப்புக்குறிக்குள்ளாவது குறுக்கோடியைச் சேருங்கள். உசிலம்பட்டி போனது ஆறுதல்.