கோவையில் அஞ்சு சதவீதம், குன்னூரில் ஒண்ணுமில்லை: முதியோர் தள்ளுபடி மலை ஏறாதா?

பெட்போர்டு_வாசி:
கோவையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் புதன்கிழமை 60 வயசு தாண்டினவங்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. ஆதாரைக் காட்டினேன், என் மெம்பர் கார்டில் பதிஞ்சுக்கிட்டாங்க. ஊருக்கு வந்து அதே கம்பெனியோட குன்னூர் கிளையில் அதே கார்டை நீட்டினா, "சார், நம்ம பிராஞ்சுல அந்த ஆஃபர் இல்லை"ங்கிறான் பில் போடுற பையன். போர்டு ஒண்ணு, பை ஒண்ணு, கார்டும் ஒண்ணு. நான் மட்டும் மலை ஏறினதும் இளசாயிட்டேனா? எங்க தெருவில் பாதி வீடு ரிட்டயரானவங்க. முதியோர் தள்ளுபடி வேறெங்க இல்லாட்டியும் இங்க இருக்கணும்.

மார்க்கெட்_மளிகை:
சார், நான் லோயர் குன்னூரில் கடை வச்சிருக்கிறவன். அந்தக் கம்பெனி எனக்குப் போட்டிதான், ஆனா இந்த விஷயத்தில் அவங்க பக்கம்தான் பேசுவேன். பாக்கெட் சாமானில் எம்ஆர்பிக்கு மேல ஒரு பைசா வாங்கக் கூடாது, சட்டம் அப்படி. கோவையில் 40 ரூபா போட்ட பாக்கெட் இங்கயும் 40தான். அப்ப லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் யார் தலையில் விழும்? எங்க மார்ஜின்லதான். மழைக்காலத்தில் மண் சரிஞ்சு ரோடு அடைச்சா லாரி சுத்தி வரணும், அதுக்கும் நாங்கதான். நீங்க கேக்கிற அந்த 5 சதவீதம் எங்களுக்கு மலைப்பாதையில் பர்லியார் தாண்டுறதுக்குள்ளயே போயிடுது சார்.

பெட்போர்டு_வாசி:
பாக்கெட்டுக்குச் சரி. லூஸ் துவரம்பருப்புக்கு எந்த எம்ஆர்பி? அதுல வாடகையைக் கூட்டாமலா விக்கிறீங்க? கேரட்டைப் பாருங்க. கேத்தியில் விளையுது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குது. கம்பெனிக்காரன் கீழே கொள்முதல் பண்ணி, இங்க இருக்கிற கிளைக்கு மறுபடி ஏத்தி அனுப்புறான். கண்ணுக்கு எதிர விளைஞ்ச கேரட்டுக்கு நான் ரெண்டு தடவை வாடகை கொடுக்கணுமாக்கும்.

டான்டீ_மகள்:
ரெண்டு பேரும் நல்லா இருக்கிறவங்க சண்டையைப் போடுறீங்க. எங்க அம்மா டான்டீயில், அதான் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிச்சு ரிட்டயரானவங்க. பிஎஃப் பென்ஷனுக்கு 2014-ல் வச்ச குறைந்தபட்சத் தொகை மாசம் 1000 ரூபாய், அம்மாவுக்கு அதை ஒட்டித்தான் வருது. எங்களுக்கு சூப்பர் மார்க்கெட் ரேஷன் கடைதான். 20 கிலோ அரிசி சும்மா, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. மிச்சத்தைத் தோட்ட லைன் வீட்டுப் பக்கத்துக் கடையில் கால் கிலோ, நூறு கிராம்னு வாங்குறோம். இந்த மாதிரி தள்ளுபடிக்கு எப்பவும் ஒரு குறைஞ்சபட்ச அளவு வச்சிருப்பாங்க, 1000 ரூபாய்க்காவது வாங்கணும்னு. எங்க அம்மா ஒரே தடவையில் 1000 ரூபாய்க்கு எங்க வாங்கினாங்க? பங்களாக்காரங்க வாங்குவாங்க. வயசைப் பார்த்துக் குறைச்சா, வசதி இருக்கிற கிழவங்களுக்குத்தான் குறையும்.

அய்யா, கோவை பில் இருந்தா போடுங்க. எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்கன்னு பார்ப்போம்.

வெலிங்டன்_ஹவில்தார்:
தங்கச்சி சொல்றது நியாயம்தான், நடக்கிற காரியமா? வருமானத்தைப் பார்த்துத் தள்ளுபடின்னா உப்பு புளி வாங்கத் தாசில்தார் ஆபீஸில் சான்றிதழுக்கு நிக்கணும். வயசுன்னா ஒரு கார்டு போதும். அப்புறம், கடைக்காரன் இதைத் தர்மமா செய்யலை. புதன்கிழமை கடை காத்தாடும். வேலைக்குப் போறவங்க சனி ஞாயிறுதான் வருவாங்க, நம்மள மாதிரி ஆளுங்க எந்த நாளும் வரலாம். ஈயோட்டுற நாளில் கூட்டம் சேர்க்கத்தான் இந்த 5 சதவீதம். குன்னூரில் ஏப்ரல், மே மாசம் டூரிஸ்ட் வண்டி புதன்கிழமையும் நிக்குது. அவன் எதுக்கு விலையைக் குறைப்பான்?

எனக்கு மிலிட்டரி கேன்டீன் கார்டு இருக்கு, அதனால வயித்தெரிச்சல் இல்லாம பேசுறேன்னு வச்சுக்கங்க.

ஸ்டோர்_கோடு:
இந்த மாதிரி ஒரு கம்பெனியின் பில்லிங் மென்பொருளில் சில வருஷம் வேலை பார்த்தவன். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எண் உண்டு. எந்த ஆஃபர் எந்த எண்ணுக்குன்னு தலைமை ஆபீஸில் ஏத்துவாங்க. உங்க கிளை எண் அந்தப் பட்டியலில் இல்லேன்னா, கார்டை எத்தனை தடவை தேய்ச்சாலும் கழியாது. சில கிளை கம்பெனியே நடத்துறது, சிலது வேற முதலாளி உரிமம் எடுத்து நடத்துறது. தள்ளுபடிப் பணம் யார் பையிலிருந்து போகணும்ங்கிற தகராறு அங்கதான் வரும். அதனால பில் போடுற பையனைத் திட்டாதீங்க.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் ஐஸ்லாண்டுன்னு ஒரு கம்பெனி 2022-ல் செவ்வாய்க்கிழமை 60 வயசுக்காரங்களுக்கு 10 சதவீதம்னு கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும். பிக்லி விக்லி கடைகளுக்குப் பல ஊரில் தனித்தனி முதலாளி, ஒருத்தர் கொடுப்பார், அடுத்த ஊர்க்காரர் கொடுக்க மாட்டார். அங்கே போறவங்க முதல்லயே போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கிளம்புறாங்க.

கூடலூர்க்காரன்:
தனியார் கடையை விடுங்க, அரசாங்கமே இடம் பார்த்துத்தானே கொடுக்குது? சென்னையில் 60 வயசுக்காரங்களுக்கு மாநகர பஸ்ஸில் மாசம் 10 இலவச டோக்கன். நம்ம ஊர்த் தாத்தாவுக்கு உண்டா? பொம்பளைங்களுக்கு இலவச பஸ் 2021-ல் கீழே ஓடிருச்சு, மலைக்கு விரிவாக்குறோம்னு 2024 பட்ஜெட்டில்தான் சொன்னாங்க. சலுகைன்னாலே மேட்டுப்பாளையத்தில் இளைப்பாறிட்டு மெதுவாத்தான் மேல வரும்.

மார்க்கெட்_மளிகை:
👆 இது பாயிண்ட்.

பெட்போர்டு_வாசி:
டான்டீ_மகளே, கேட்ட மாதிரி பில். மொத்தம் 1,140 ரூபாய். கீழே பொடி எழுத்தில் 'தள்ளுபடிக்கு உரிய தொகை 430'. அரிசி, சர்க்கரை, எண்ணெய், பால், குழந்தைக்கு வாங்கின பால் பவுடர், எதுக்கும் கிடையாது. சோப்பு, ஊறுகாய், பிஸ்கட், கம்பெனியோட சொந்தப் பேர் போட்ட ரவை, இதுக்குத்தான் உண்டு. கழிச்சது 21 ரூபாய் 50 காசு.

டான்டீ_மகள்:
இதுக்குத்தான் இவ்வளவு கோபமா! மார்க்கெட்டிலிருந்து பெட்போர்டுக்கு ஆட்டோக்காரர் கேக்கிறதில் கால்வாசி கூட வராதே அய்யா. மலையில் வயசானவங்களுக்குக் கஷ்டம் விலையில் இல்லை, படியில்தான். மூட்டையைத் தூக்கிட்டு மேடு ஏறணும். 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம்னு 70 வயசு தாண்டினவங்களுக்கு ரேஷனை வீட்டுக்கே கொண்டுவந்தாங்க பாருங்க, எனக்குக் கேட்டா அதுதான் முதியோர் சலுகை. அம்மாவுக்கு 72. சர்க்கரை கிலோவுக்கு எத்தனை ரூபா குறையுதுன்னு அவங்க கேக்கலை. மூட்டு வலியோட படி இறங்க வேண்டாமேன்னுதான் சந்தோஷப்பட்டாங்க.

மார்க்கெட்_மளிகை:
அதையேதான் நானும் செய்யறேன். போன் போட்டா என் கடைப் பையன் சாமானைத் தூக்கிட்டு வீட்டு வாசல் வரைக்கும் வருவான். கூலி வாங்கறதில்லை. பெரிசுங்களுக்கு நோட்டில் எழுதி மாசக் கடைசியில் வாங்கிக்கிறேன். அந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தீப்பெட்டி கடன் கேட்டுப் பாருங்க.

பெட்போர்டு_வாசி:
500 ரூபாய்க்குக் கீழே ஆர்டர் போட்டா உங்க பையன் வர்றதில்லைன்னு எங்க கீழ்வீட்டம்மா சொல்றாங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

21 ரூபாயைப் பத்தி எனக்கும் கவலை இல்லை. கார்டு கொடுக்கும்போது "எல்லாக் கிளையிலும் செல்லும்"னாங்க. அப்ப ஆஃபர் எந்தெந்தக் கிளையில் உண்டுன்னு வாசலில் ஒட்டி வைக்கட்டும். ஹவில்தார் சொன்னதை வச்சே கேக்கிறேன். சீசனில் வேண்டாம், ஜூலை மழையில் இங்கயும் கடை காத்தாடுதுல்ல? ஜூலை, ஆகஸ்ட் புதன்கிழமை மட்டும் கொடுக்கட்டும். அளவை 300 ரூபாயாக் குறைக்கட்டும், டான்டீ_மகளோட அம்மாவும் போகலாம். தலைமை ஆபீஸுக்கு இதைத்தான் எழுதப் போறேன். கையெழுத்துப் போட யாரெல்லாம் தயார்?

வெலிங்டன்_ஹவில்தார்:
போடுறேன். தேதியையும் அளவையும் தெளிவா எழுதுங்க, இல்லேன்னா "பரிசீலிக்கிறோம்"னு ஒரு வரி மெயில் வரும்.

டான்டீ_மகள்:
300 ரூபாய்னா போடுறேன். அரிசி, எண்ணெயையும் சேர்க்கணும்னு எழுதினா அம்மாவையும் போடச் சொல்றேன்.

ஸ்டோர்_கோடு:
எண்ணெயில் கடைக்கு நிக்கிற லாபம் ரொம்பக் கம்மி, அதைத் தள்ளுபடியில் கண்டிப்பா சேர்க்க மாட்டாங்க. எழுதிப் பாருங்க.

மார்க்கெட்_மளிகை:
நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் பிழைப்பாச்சே. ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்க ஜூலையில் ஆரம்பிச்சா, நானும் 60 வயசுக்காரங்களுக்கு லூஸ் துவரம்பருப்பில் கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைக்கிறேன்.

பெட்போர்டு_வாசி:
அப்ப பருப்பில் குறைக்க இடம் இருக்கு! ஜூலை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்கே அஞ்சு கிலோ அனுப்புங்க. 500 ரூபாய் தாண்டும், பையனும் வந்துடுவான்.