உவரி - கூடுதாழை வள்ளங்களில் ஓங்கல் பதிவேடு: என்ன குறிக்கணும், பிங்கர் வாங்கலாமா?

தேரிமணல்:
அண்ணாச்சிமாரே, உவரி, கூடுதாழை, கூட்டப்பனைப் பக்கம் ஆறு ஃபைபர் வள்ளத்தில் ஓங்கல் (டால்பின்) பதிவேடு தொடங்கப் போறோம். வழிவலையும் (ஓட்டத்தோட மிதந்து போற வலை) சாளை வலையும்தான். நோட்டில் என்ன எழுதச் சொல்லணும்? வலையில் பிங்கர் (சத்தம் போட்டு ஓங்கலை விலக்குற கருவி) கட்டலாமான்னு ஒரு பேச்சும் ஓடுது. வலையில் ஓங்கல் செத்து ஏறினா எழுதித் தர பயப்படுறாங்க, கேஸ் ஆயிருமோன்னு.

கொண்டல்காத்து:
ஓங்கல் கண்ணில் படாத நாளையும் எழுதச் சொல்லுங்க. அது இல்லாட்டி, ஓங்கல் கூடிச்சா, வள்ளம் அதிகம் போச்சான்னே பிரிக்க முடியாது. தினமும் வேண்டியது வலை விட்ட நேரம், வாங்கின நேரம், எத்தனை பாகம் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) ஆழம், வலை நீளம், கண்ணி அளவு, கடல் எப்படி இருந்தது. ஓங்கலைப் பார்த்தா, போனில் காட்டுற ஜிபிஎஸ் எண், எண்ணிக்கை (குறைஞ்சது, கூடினது), குட்டி உண்டா, வலையில் மீனை உருவிச்சா. பேனா வேண்டாம், உப்புத்தண்ணி பட்டா மை கரைஞ்சிரும், பென்சில் கொடுங்க. ஒரு பக்கத்துக்கு மேல கேட்டா எவனும் எழுத மாட்டான்.

இனம் பிரிக்க முதுகைப் பார்த்தா போதும். திமில் மேல சின்னத் துடுப்பு, நீண்ட மூக்கு, கரையை ஒட்டியே மேய்ச்சல்னா கூன்முதுகு ஓங்கல். உயர்ந்து பின்னால வளைஞ்ச துடுப்புன்னா புட்டிமூக்கு. பெருங்கூட்டமா வந்து சுழன்று துள்ளினா அது வெளிக்கடல் சுழலி. துடுப்பே இல்லாம, மழுங்கத் தலையோட ஒண்ணு ரெண்டா முதுகு மட்டும் காட்டினா கடற்பன்றி. வள்ளத்து முன்னால விளையாடவும் வராது. காத்தில் வெள்ளை நுரை கிளம்பிட்டா அதைப் பார்க்கவே முடியாது. அதனால கச்சான் (மேல்காத்து) மாசத்தில் 'இல்லை'ன்னு எழுதினதை 'தெரியலை'ன்னுதான் எடுத்துக்கணும்.

படம் எடுத்தா துடுப்புக்கு நேர் பக்கவாட்டில், வெயில் படம் எடுக்கிறவர் முதுகுக்குப் பின்னால இருக்க, 1/1000 நொடிக்குக் குறையாத வேகத்தில். துடுப்பின் பின்விளிம்பில் இருக்கிற வெட்டும் பிளவும்தான் ஒவ்வொண்ணுக்கும் அடையாளம். இணையா ஓடுங்க; குறுக்கே வெட்டினா முங்கிரும்.

மேல்கயிறு:
பிங்கரில் அவசரப்படாதீங்க. 10 கிலோஹெர்ட்ஸ் வகையை ஏறக்குறைய 100 மீட்டருக்கு ஒண்ணு கட்டணும். ரெண்டு கிலோமீட்டர் வழிவலைக்கு இருபதுக்கு மேல ஆகும். நடுவில் ஒண்ணு பாட்டரி செத்தா அந்த இடைவெளி வழியே மாட்டும். 10 கிலோஹெர்ட்ஸ்னா ஒவ்வொண்ணா காதில் வச்சுப் பார்க்கலாம். 70 கிலோஹெர்ட்ஸ் வகை காதுக்கே கேக்காது, சோதிக்கத் தனிக் கருவி வேணும். கடற்பன்றி இனத்துக்குப் பலன் உண்டு. புட்டிமூக்கு பழகிரும், சத்தம் வந்தா அங்கே மீன் இருக்குன்னு தேடி வந்தாலும் வரும்.

செலவில்லாத வழி, வழிவலையின் மேல்கயிற்றை மிதவையிலிருந்து 2 மீட்டர் இறக்கி விடுறது. பாகிஸ்தான் சூரை வலைகளில் ஓங்கல் சாவு இதில் நல்லாவே குறைஞ்சது. சாளை வலைக்கு ஆகாது, மீன் மேலேயே ஓடிரும். முதல்ல ஒரே வள்ளத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் இறக்கி, மீன் எடையையும் எழுதுங்க. வருமானம் குறையலைன்னு நோட்டில் தெரிஞ்சாத்தான் அடுத்த வள்ளக்காரர் கேப்பார்.

மணல்மேடு:
கேஸ் விஷயம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஓங்கல் முதல் அட்டவணை, அதாவது உச்சப் பாதுகாப்பு உள்ள பட்டியல். கறி எடுக்கிறதும் விக்கிறதும் நேரடிக் குற்றம். அதனால பதிவேடு தொடங்கும் முன்னாலேயே வனத்துறை, மீன்வளத்துறை ரெண்டு பேர்கிட்டயும் எழுத்தில் பேசிருங்க. நோட்டில் வள்ளப் பதிவெண் வேண்டாம். குறி எண் போதும், எது யாருதுங்கிற பட்டியல் ஊர்க் கமிட்டியிடம் இருக்கட்டும்.

உயிரோட மாட்டினா வலையை அறுங்க, வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. ஊதுதுளை தண்ணிக்கு மேல இருக்கணும். செத்ததுன்னா மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்கோட்டில் அளந்து, வலைத் தழும்பைப் படம் பிடிச்சாப் போதும். டேப்பை உடம்பு வளைவில் ஓட்டினா நீளம் கூடித் தெரியும்.

தேரிமணல்:
நன்றி அண்ணாச்சிமாரே. அப்போ பிங்கர் காசில் பென்சிலும் மிதவைக்கு இறக்குக் கயிறும் வாங்கிருதோம்.