எமர்ஜென்சி லைட்ட எல்இடியா மாத்தணும், என் கணக்கு சரியான்னு பாத்து சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு வேதாரண்யம் பக்கம், 2018 கஜா புயல்ல வாரக்கணக்கா கரண்டு இல்லாம கெடந்தது இன்னும் மறக்கல, அதான் மழைக்கு முன்னாடி பரண்ல இருந்த பழைய எமர்ஜென்சி லைட்ட எறக்குனேன். 6 வோல்ட் 4.5 ஏஎச் (ஆம்பியர்-அவர், எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு) பேட்டரி, 6 வாட் டியூப், புது பேட்டரி போட்டும் மூணு நாலு மணி நேரத்துல படுத்துடுது.

டியூபையும் அதோட போர்டையும் கழட்டிட்டு 5 எம்எம் வெள்ளை எல்இடி ஆறு, பேரலல்ல (ஒவ்வொண்ணும் நேரா பேட்டரிக்கு தனித்தனி லைனா), ஒவ்வொண்ணுக்கும் கரண்ட கட்டுப்படுத்த தனியா 150 ஓம் ரெசிஸ்டர்னு யோசிச்சிருக்கேன் (எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரெசிஸ்டர் போட்டு ஏற்கனவே ரெண்டு எல்இடிய கருக்கியாச்சு). எல்இடி 3.2 வோல்ட் எடுத்தா மிச்சம் 2.8, ஒண்ணுக்கு 19 மில்லி ஆம்ப், ஆறுக்கும் 115 கிட்ட, அப்போ 30 மணி நேரமாவது வரணும்ல?

சந்தேகம் என்னன்னா சார்ஜ் ஏறுறப்போ பேட்டரி 7.2 வரைக்கும் போகுது, அப்ப லைட்டும் எரிஞ்சா ஒரு எல்இடிக்கு 27 மில்லி ஆம்ப் ஆயிடும், அது ஜாஸ்தி, அதுக்கு 220 ஓம் போடலாமா, வெளிச்சம் ரொம்ப கொறஞ்சிடுமா? அப்புறம் பேட்டரி 5.4க்கு கீழ எறங்காம தானா கட் ஆகுற மாதிரி சிம்பிளான சர்க்யூட் யார்கிட்டயாவது இருக்கா? படிக்கிற அளவுக்கெல்லாம் வேணாம், அம்மா ராத்திரி கொல்லப்பக்கம் போக வழி தெரிஞ்சா போதும்.