ஸ்பர்: தேன்குழலா, தேன்சுரையா?

குன்னூர்:
அன்பர்களே, பள்ளித் தோட்டத்தில் கொலம்பைன் என்ற பூச்செடியின் பாத்திக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். தலைகவிழ்ந்து தொங்கும் பூ, ஐந்து இதழ், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் வால்போல் நீண்ட குழாய், அதுதான் ஸ்பர், அதன் நுனியில் தேன். ஸ்பருக்குத் தமிழ் என்ன? தேன்குழல் என்று போடலாமா? வெள்ளிக்கிழமை பெயிண்டர் வருகிறார்.

சென்னை:
தாராளமாக. அப்படியே எனக்கும் ஒரு படி பிழிந்து அனுப்புங்கள்.

மதுரை:
சிரிப்பு இருக்கட்டும். ஸ்பர் என்பது குதிரைக்காரர் குதிகாலில் மாட்டும் முள். சேவல் காலில் இருப்பதும் முள்தான். 'குதிமுள்' சரியாக வரும்.

கோத்தகிரி:
குத்தாததை முள் என்றால் பிள்ளைகள் பூவைத் தொடவே பயப்படும், ஐயா. உள்ளே இருக்கும் துளைக்கும் சுரை என்று பெயர், பசுவின் மடிக்கும் சுரை என்று பெயர். 'தேன்சுரை' என்போம். காசித்தும்பைப் பூவின் பின்னால் வளைந்திருக்கும் வாலுக்கும் அதுவே ஆகும்.

சென்னை:
சுரை என்றால் எனக்குக் கூட்டுதான் நினைவுக்கு வருகிறது.

மதுரை:
'சுரை ஆழ அம்மி மிதப்ப' என்று மொழிமாற்றுக்கு, அதாவது சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்வதற்கு, உதாரணம் படித்தவர்கள்தானே நாம்! ஆனால் வேரைப் பாருங்கள்: சுரத்தல், சுரை, சுரங்கம்...

கோத்தகிரி:
சுரங்கத்தை இழுக்காதீர்கள். அது கிரேக்கச் 'சிரிங்க்ஸ்' வழி வந்தது என்பார்கள். சிரிங்க்ஸ் என்றால் குழல். சுற்றிச் சுற்றி மறுபடி முறுக்கு அச்சுக்கே வந்துவிடுவோம்.

குன்னூர்:
இன்னொன்று. 'பல்லாண்டுத் தாவரம்' என்று எழுதியதற்குத் தலைமையாசிரியர் சிரிக்கிறார். செடி மூன்று நான்கு வருடத்தில் ஓய்ந்துவிடுகிறதே, அதற்கா பல்லாண்டு பாடுகிறீர்கள் என்கிறார்.

மதுரை:
ஒன்றுக்கு மேற்பட்டாலே தமிழில் பன்மை. மூன்றாண்டும் பல்லாண்டே.

கோத்தகிரி:
உறைபனியில் இலை கருகினாலும் வேர் பிழைத்து அடுத்த பருவம் தளிர்க்கிறது, அதுதான் கணக்கு. தாய்ச்செடி போனாலும் உதிர்ந்த விதை தானாக முளைக்கும். விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். நாற்றைச் சின்னதிலேயே இடம் மாற்றிவிடுங்கள். ஆணிவேர் ஆழம் போனபின் பிடுங்கினால் தேறாது. இரண்டு நிறம் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும். மகள் பூ தாய் மாதிரி இராது.

சென்னை:
சொல்லுக்கு வருவோம். தூய தமிழ் என்று சொல்லி அகராதியோடு தோட்டம் சுற்ற வைக்காதீர்கள். 'தேன்வால்' என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

குன்னூர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தேன்சுரைக்கு மூன்று பேர், தேன்வாலுக்கு இருவர். தேன்சுரை என்றே எழுதி, பக்கத்தில் படமும் அம்புக்குறியும் போடச் சொல்கிறேன்.

சென்னை:
அம்புக்குறி இருந்தால் சரி.

மதுரை:
குதிமுள்ளை நான் இன்னும் கைவிடவில்லை.