எம்87 கருந்துளைப் படம்: வளையம் தரவில் இருந்ததா, நிரலில் இருந்ததா?

தூரதேசி:
2019 ஏப்ரலில் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்துக் கருந்துளைப் படத்தை இன்னமும் கேமராவில் சொடுக்கி எடுத்தது மாதிரியே எல்லாரும் பகிர்கிறார்கள். நடந்தது என்ன? 2017 ஏப்ரலில் 5 இடங்களில் இருந்த 7 ரேடியோ தொலைநோக்கிகள், 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில், 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்த்தன. இரண்டிரண்டு இடங்களின் பதிவைச் சேர்த்துத்தான் அளக்க முடியும், 5 இடம் என்றால் 10 ஜோடி. பூமி சுழலச் சுழல அந்தப் பத்து ஜோடியும் இழுத்த சில வளைகோடுகளில் மட்டும்தான் அளவீடு இருக்கிறது, மிச்சமெல்லாம் காலியிடம், அதை நிரப்பியது அல்காரிதம். கருவியின் பிரிதிறன், அதாவது அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம், சுமார் 25 மைக்ரோ ஆர்க் செகண்ட் (ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு, மைக்ரோ என்றால் அதிலும் பத்து லட்சத்தில் ஒன்று), வளையத்தின் விட்டம் 42. குறுக்கே இரண்டு புள்ளிகூட முழுசாகத் தேறாது! கோட்பாடு 40 வாக்கில் வரும் என்றது, கணினி 42 கொடுத்தது. எனக்கு இது உறுத்துகிறது.

கட்டமாற்றம்:
படத்தைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள், படமாக மாற்றுவதற்கு முன்னால் இருந்த எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் வானத்தின் ஒளிர்வில் ஒரு குறிப்பிட்ட நுணுக்க அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஜோடிக்கு இடையே தூரம் கூடக் கூட நுணுக்கமும் கூடும். எம்87-இல் அந்த அளவு படிப்படியாகக் குறைந்து, 3.4 பில்லியன் அலைநீளத் தூரத்தில், அதாவது சுமார் 4,400 கிலோமீட்டரில், தரையைத் தொடுகிற மாதிரி விழுந்து, அப்புறம் மறுபடி எழுகிறது. ஓரம் மங்கிய ஒரு சாதாரண ஒளித்திட்டு இப்படி நடந்துகொள்ளாது, அது குறைந்துகொண்டே போய்விடும். மெல்லிய வளையமாக இருந்தால் இரண்டாவது பள்ளம் முதலாவதைப் போல 2.3 மடங்கு தூரத்தில் வரும், நிரம்பிய தட்டாக இருந்தால் 1.8 மடங்கில். ஹவாய்க்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான மிக நீண்ட ஜோடியில், 8 பில்லியன் அலைநீளம் வாக்கில், அதாவது வளையத்துக்கு இரண்டாவது பள்ளம் வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், சிக்னல் குறைவாகவே இருந்தது. இதில் படம் வரைகிற எந்த நிரலும் கை வைக்கவில்லை.

இன்னொன்று, "கோட்பாடு 40 என்றது" என்பது பாதிக் கதை. அந்தக் கருந்துளையின் நிறை பற்றி அப்போது இரண்டு கணக்கு இருந்தது. நட்சத்திரங்களின் வேகத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு 600 கோடி சூரிய நிறைக்கும் மேல், வாயுவின் வேகத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு 350 கோடி. இரண்டாவது சரியாக இருந்திருந்தால் வளையம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, இந்தக் கருவிக்குப் பிடிபட்டே இருக்காது.

சும்மாவந்தவன்:
அந்த ஆரஞ்சு நிறம்?

கட்டமாற்றம்:
பூசியது. ரேடியோ அலைக்கு நிறம் ஏது.

தூரதேசி:
நிறத்தை விடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. பள்ளம் விழுந்தால் வளையம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் சமமாக ஒளிரும் இரண்டு புள்ளிகள் இருந்தாலும் பள்ளம் விழும். எது என்று பிரித்துச் சொல்ல அலையின் கட்டம் (phase, அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது) வேண்டும், அங்கேதான் நீங்கள் மாட்டுகிறீர்கள். மேலே இருக்கும் நீராவி ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் வரும் அலையை நொடிக்கு நொடி தாமதப்படுத்திக் குழப்பிவிடுகிறது. அணுக் கடிகாரம் வைத்து நேரம் குறித்தாலும் காற்றுக்கு அது தெரியுமா?

கட்டமாற்றம்:
தெரியாது, அதனால்தான் மூன்று மூன்றாகச் சேர்க்கிறார்கள். அ, ஆ, இ என்று மூன்று தொலைநோக்கிகள். அ-வுக்கு மேலே இருக்கும் காற்று அ–ஆ ஜோடியில் ஒரு பிழையைக் கூட்டும், இ–அ ஜோடியில் அதே பிழையைக் கழிக்கும். மூன்று ஜோடியின் கட்டங்களையும் சுற்றிவரக் கூட்டினால் காற்றின் பிழை மொத்தமாக அடிபட்டு, மூலத்தின் வடிவம் பற்றிய தகவல் மட்டும் மிஞ்சும். ரேடியோ வானியலில் இது பல பத்தாண்டுப் பழக்கம்.

தூரதேசி:
சரி, கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். 5 இடத்துக்கு 10 கட்டங்கள், உங்கள் முக்கோண வித்தைக்கு அப்புறம் சுதந்திரமாக மிஞ்சுவது 6. கையில் இருந்த கொஞ்சத்திலும் நாலைத் தாரைவார்த்தாயிற்று. நாலு குழு தனித்தனியாக உட்கார்ந்து ஒரே மாதிரிப் படம் வரைந்ததாகப் பெருமை பேசுகிறார்கள், ஆனால் நாலு பேர் கையிலும் இருந்தது அதே தரவு, அதே ஓட்டைகள். 2022-இல் ஜப்பானின் மியோஷி குழு அதே தரவை எடுத்துத் தங்கள் முறையில் படமாக்கியபோது வளையம் வரவில்லை, ஒரு மையமும் முடிச்சுகளும்தான் வந்தன. தரவில் உள்ள இடைவெளிதான் அந்த அளவில் வளையமாகத் தெரிகிறது என்றார்கள்.

வடகோடி:
அதற்கு, முதல் படத்தை வெளியிட்ட ஈவென்ட் ஹொரைசன் குழு மறுப்பு எழுதியதையும் சொல்லியிருக்கலாமே. அதே தரவு பொதுவில்தான் கிடக்கிறது, குழுவுக்கு வெளியே வேறு ஆட்களும் வேறு முறைகளில் செய்து பார்த்து வளையம் கண்டிருக்கிறார்கள். போகட்டும். இறுதிப் படத்துக்கான அமைப்புகளைத் தேர்வதற்கு நிரல்களை வளையம், பிறை, நிரம்பிய தட்டு, இரட்டைப் புள்ளி என நாலு போலித் தரவுகளில் ஓட்டினார்கள். தட்டைக் கொடுத்தால் தட்டாகவே திருப்பித் தருகிற அமைப்புகளுக்கு மட்டும்தான் அனுமதி. எதைப் போட்டாலும் வளையம் துப்புகிற நிரல் அங்கேயே கழிந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை வலுவான சாட்சி 2018-தான். அந்த ஏப்ரலில் கிரீன்லாந்துத் தொலைநோக்கி புதிதாகச் சேர்ந்தது, ஆக தரவின் ஓட்டைகள் இடம் மாறிவிட்டன. வளையம் ஓட்டையின் பிள்ளை என்றால் அதுவும் கூடவே மாறியிருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வந்த முடிவில் விட்டம் அப்படியே இருக்கிறது, பிரகாசமான பகுதி மட்டும் சுமார் 30 டிகிரி நகர்ந்திருக்கிறது. வாயு கொந்தளிப்பதால் வெளிச்சம் இடம் மாறும், ஈர்ப்பு தீர்மானிக்கிற அளவு மாறாது.

தூரதேசி:
2018-ஐ ஓரளவு மதிக்கிறேன். ஆனால் நம் பால்வீதி மையத்துக் கருந்துளையான சஜிட்டேரியஸ் ஏ* படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? அங்கே ஆயிரக்கணக்கான படங்களை நாலு கூட்டமாகப் பிரித்துச் சராசரி எடுத்தார்கள். மூன்று கூட்டத்தில் வளையம், ஆனால் பிரகாசமான இடம் ஒவ்வொன்றிலும் வேறு. நாலாவது சின்னக் கூட்டத்தில் வளையமே இல்லை.

கட்டமாற்றம்:
மறைக்காமல் அதையும் வெளியிட்டது அவர்கள்தான். எம்87-இல் வாயு ஒரு சுற்று சுற்ற நாட்கணக்கில் ஆகும், இங்கே சில நிமிடங்கள் போதும், இரவு முழுக்கப் பதிவு செய்வதற்குள் மூலம் பலமுறை மாறிவிடுகிறது. ஆனால் அளவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. எஸ்2 என்ற நட்சத்திரம் இந்தக் கருந்துளையை 16 ஆண்டில் ஒரு சுற்று சுற்றுவதை வைத்து நிறை 40 லட்சம் சூரியன், தூரம் சுமார் 27,000 ஒளியாண்டு என்று முன்பே தெரியும். அதிலிருந்து 50 மைக்ரோ ஆர்க் செகண்ட் வாக்கில் வர வேண்டும், 52 வந்தது. இழுத்து நீட்ட அங்கே இடமே இல்லை.

தூரதேசி:
எதிர்பார்த்தது கிடைத்தது என்றுதான் இதையும் நான் படிப்பேன். 0.87 மில்லிமீட்டரில் ஒரு படம் எடுக்கட்டும், பிரிதிறன் ஒன்றரை மடங்கு கூடும். வளையம் மெலிந்து, விட்டம் 42-இலேயே நின்றால் பேசலாம்.

வடகோடி:
அந்த அலைநீளத்தில் நெடுந்தூர ஜோடிகள் சிக்னல் பிடித்ததை 2024-லேயே அறிவித்துவிட்டார்கள், படம் போட அது போதாது. நீராவித் தொல்லை அங்கே இன்னும் மோசம், இத்தனை மலையுச்சிகளிலும் ஒரே இரவில் வானம் சுத்தமாக இருக்க வேண்டும்.